கரும்பழுப்பு முட்டைக் கோழி: இனம் சேர்ப்பதும் குஞ்சு பொரிப்பதும்

கேமரன் மலையின் கோலா தெர்லாவிலோ கம்போங் ராஜாவிலோ வீட்டுக் கொல்லையில் திரியும் கம்பத்துக் கோழியின் முட்டை பெரும்பாலும் பாலேட்டு நிறத்தில் இருக்கும். மளிகைக் கடைத் தட்டில் அடுக்கியிருப்பது வெளிர் பழுப்பு. அது பண்ணைக் கலப்பினக் கோழி இட்டது. இந்த அத்தியாயம் மூன்றாவது ஒரு வகையைப் பற்றியது: கொக்கோ நிறத்தில், சிலவற்றில் கரும்புள்ளி தெறித்தாற்போல் இருக்கும் கரும்பழுப்பு முட்டை. இதை இடும் இனங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் ஈரமும் குளிரும் கலந்த ஊர்களில் உருவானவை. மலேசியச் சமவெளியின் வெக்கையில் திணறும் இந்தக் கோழிகளுக்குக் கேமரன் மலை ஒத்துப்போகும்.

முதலில் ஒரு பேச்சைத் தீர்த்துவிடுவோம். ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் சத்துக்கும் தொடர்பு கிடையாது. கூடுதல் விலை கொடுப்பவர் அழகுக்குத்தான் கொடுக்கிறார். இயன் ஃபிளெமிங் 1957-இல் எழுதிய நாவலில் ஜேம்ஸ் பாண்டுக்குக் காலை உணவாக இந்த முட்டையைத்தான் வைத்தார். அதன் மவுசு அப்படி. மேசையில் வைத்துக் காட்ட விரும்பும் விடுதிகளும், அடைமுட்டை தேடும் கோழி ஆர்வலர்களும்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். தினசரி ஆம்லெட்டுக்கு முட்டை வேண்டுமென்றால் பண்ணைக் கலப்பினமே போதும். அது ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாது. கரும்பழுப்பு இனங்களில் 150 முதல் 200 வந்தாலே நல்ல கோழி.

இந்த வேலையில் கண்ணை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் கோட்டை விடுவோம். இனம் தேர்ந்தெடுக்கும்போது, இன்று கறுப்பாக இடும் கோழியின் முட்டை மூன்று மாதத்தில் வெளுத்துவிடும். அடை வைக்கும்போது, விளக்கடித்துப் பார்த்தாலும் கனத்த நிறத்தைத் தாண்டி உள்ளே ஒன்றும் தெரியாது. ஆகவே ஒரு நோட்டுப்புத்தகமும் ஒரு சமையலறைத் தராசும் வாங்கி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம்வரை ஓடு கட்டவே செலவாகும். ஓடு முடியும் தறுவாயில், கடைசிச் சில மணி நேரத்தில், புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமி அதன்மேல் படிகிறது. சாதாரணப் பழுப்பு முட்டைக்கு மெல்லிய பூச்சு. மாரான் போன்ற இனங்களுக்குக் கனத்த பூச்சு. நீல முட்டையின் கதை வேறு. அங்கே பிலிவெர்டின் என்ற நிறமி ஓட்டின் உள்வரை ஊறியிருக்கும்.

புதிதாக இட்ட கரும்பழுப்பு முட்டையை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் பழுப்புக் கறை ஒட்டும், தேய்த்த இடம் வெளுத்துக் காட்டும். ஓட்டை உடைத்தால் உட்புறம் வெளிறியிருக்கும். நிறம் மேலோடு மேலாக நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி நாட்டுக்கோழி முட்டை என்று விற்ற மோசடி உண்டு. அதனால் ஈரத் துணியால் துடைத்துப் பார்த்து வாங்கும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. உங்கள் முட்டை அசலாக இருந்தும் அந்தச் சோதனையில் கறை விடும். வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்த இனம்

மாரான்: பிரான்சின் மேற்குக் கரையில் லா ரோஷல் நகருக்கு அருகே உள்ள மாரான் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கியது. நிறத்தில் இதுதான் முதலிடம். பிரெஞ்சு மாரான் சங்கம் முட்டை நிறத்தை 1 முதல் 9 வரை அளக்கிறது; 4-க்குக் கீழே போனால் அதை மாரான் முட்டை என்று ஏற்பதில்லை. பிரெஞ்சு வகைக்குக் காலில் இறகு உண்டு. கேமரன் மலையின் சேற்றில் அந்த இறகு மண் உருண்டை கட்டும், கால் செதில் பூச்சிக்கும் இடம் கொடுக்கும். தரையில் விட்டு வளர்ப்பதென்றால் கால் இறகில்லாத ஆங்கிலேய வகை உத்தமம். கறுப்புச் செம்பு நிற மாரான்தான் வேண்டுமென்றால் கூரை போட்ட, காய்ந்த சீவல் பரப்பிய அடைப்பில் வைத்து வளருங்கள்.

வெல்சம்மர்: நெதர்லாந்தின் வெல்சம் ஊரிலிருந்து வந்தது. செங்கல் கலந்த கரும்பழுப்பு நிறம், அடிக்கடி புள்ளியும் விழும். கால் சுத்தமாக இருக்கும். கோழி சுறுசுறுப்பாக மேயும். குஞ்சு பொரித்த அன்றே ஓரளவு பால் பிரிக்கலாம்: முதுகுக் கோடு கறுத்து ஓரம் தெளிவாக இருந்தால் பெட்டை, கலங்கி மங்கலாக இருந்தால் சேவல். முதன்முதலாக இறங்குபவருக்கு இதையே பரிந்துரைக்கலாம்.

பார்னவெல்டர்: இதுவும் நெதர்லாந்துக் கோழி. இறகில் இரட்டைக் கரை ஓடும் அழகுக்காகவே பலரும் வளர்க்கிறார்கள். அந்த அழகைத் தேடியதில் பல வழிகளில் முட்டை நிறம் வெளிறிவிட்டது. வாங்கும்முன் தாயின் முட்டையைப் பார்த்தே தீர வேண்டும்.

பெனடெசென்கா: ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்தது. வெண்ணிறக் காதுமடல் உள்ள கோழி வெள்ளை முட்டைதான் இடும் என்ற பொது விதிக்கு இது விலக்கு: மடல் வெள்ளை, முட்டை கரும்பழுப்பு. வெயிலைத் தாங்கும். கிடைப்பதுதான் அரிது.

இனத்தைக் கையில் கொண்டுவருவது

வெளிநாட்டிலிருந்து அடைமுட்டையோ குஞ்சோ கொண்டுவர இறக்குமதி உரிமமும் சுகாதாரச் சான்றும் வேண்டும். பையில் ஒளித்து எடுத்துவர நினைக்காதீர்கள். 2017-இல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஆயிரக்கணக்கான கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. உள்நாட்டில் வளர்ப்பவரிடம் வாங்குவதே நேர்வழி. தோட்டக் குடியிருப்பில் வசிப்பவர்கள் கூண்டு கட்டும்முன் நிர்வாகத்திடமும் மாவட்ட மன்றத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சிம்பாங் பூலாய் வழியாகவோ தாப்பா வழியாகவோ அடைமுட்டை மேலே வரும்போது வளைவுதோறும் குலுங்கி வரும். வந்த உடனே இன்குபேட்டரில் வைக்காதீர்கள். கூர்முனை கீழாக 12 முதல் 24 மணி நேரம் அசையாமல் நிறுத்தி வையுங்கள். குலுங்கிய காற்றறை அதற்குள் நிலைக்கு வரும்.

ஜோடியாகக் கிடைக்காமல் ஒரே ஒரு நல்ல மாரான் சேவல் மட்டும் கிடைத்தால் அதைக் கொண்டும் படிப்படியாக ஏறலாம். அடித்தளமாகக் கம்பத்துக் கோழியைவிடப் பழுப்பு முட்டை இடும் பண்ணைக் கோழி நல்லது. பழுப்புக்கான மரபணுக்கள் அதற்குள் ஏற்கெனவே ஓரளவு இருக்கின்றன. முதல் தலைமுறை மகள்கள் நடுத்தரப் பழுப்பில் இடும். அவற்றில் கறுத்த முட்டை இடுபவற்றைப் பொறுக்கி, உறவில்லாத இன்னொரு மாரான் சேவலுடன் சேர்த்தால் மாரான் இரத்தம் முக்கால் பங்கு. அடுத்த சுற்றில் எட்டில் ஏழு பங்கு. ஒவ்வொரு சுற்றிலும் பொறுக்குவதை விட்டால் இரத்தம் ஏறும், நிறம் ஏறாது.

சேவலின் பங்கு

நிறம் ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து கூட்டுகின்றன. அதில் பாதி சேவல் வழி வருகிறது. ஆனால் சேவல் முட்டையிடாது. ஆகவே அதன் தரத்தை மூன்று இடத்தில் தேடுங்கள்: அதன் தாய் இட்ட முட்டை, அதன் உடன்பிறந்த பெட்டைகள் இடும் முட்டை, கடைசியாக அதன் மகள்கள் இடும் முட்டை. மூன்றாவதுதான் உறுதியான சாட்சி, ஆனால் அதற்கு ஏழெட்டு மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை அந்தச் சேவலை விற்றுவிடாதீர்கள். கொண்டையும் வாலும் பார்த்துச் சேவலைத் தேர்ந்தெடுத்ததால் நிறத்தை இழந்த மந்தைகள் ஏராளம்.

ஒரு சேவலுக்கு 8 பெட்டைவரை போதும். சேர்த்து இரண்டு வாரம் கழித்து முட்டை சேகரியுங்கள். சேவலை மாற்றினால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கும் மேல் தங்கும்; ஆகவே தகப்பன் யார் என்பதில் ஐயம் வராமலிருக்க மூன்று, நான்கு வாரம் இடைவெளி விடுங்கள்.

சின்ன மந்தையில் நெருங்கிய உறவு கூடிப்போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நலியும். இதைத் தவிர்க்க மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கால் வளையம் போடுங்கள். மகள்கள் தாயின் குடும்பத்திலேயே தங்கட்டும். ஆண்டுதோறும் சிவப்பில் பிறந்த சேவல் மஞ்சளுக்கு, மஞ்சள் சேவல் நீலத்துக்கு, நீலச் சேவல் சிவப்புக்கு. இந்தச் சுழற்சியைக் கைவிடாமல் செய்தால் வெளியிலிருந்து புது இரத்தம் தேடாமல் பல ஆண்டு ஓட்டலாம்.

மாரான் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. வரியில்லாத கறுப்புச் செம்புச் சேவலை, வரிவரியான குக்கூ மாரான் பெட்டையோடு சேர்த்தால் குஞ்சு பொரித்த அன்றே பால் தெரியும். தலையில் வெண்பொட்டு உள்ளது சேவல், பொட்டில்லாதது பெட்டை. மாற்றிச் சேர்த்தால் இந்த வசதி கிடைக்காது.

எந்த முட்டையை அடை வைப்பது

விடைக்கோழி இடத் தொடங்கும் முதல் சில வாரங்களில் நிறம் உச்சத்தில் இருக்கும். தொடர்ந்து இட இட வெளுக்கும். இறகு உதிர்த்து ஓய்வெடுத்து மறுபடி இடும்போது மீண்டும் கறுக்கும். ஐரோப்பாவில் குளிர்கால இருட்டு அந்த ஓய்வைத் தானே கொடுக்கிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நமக்கோ ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பருவ ஓய்வு தெளிவாக அமையாது. ஆகவே முட்டை கூட்டுவதற்காக இரவில் விளக்குப் போட்டு இனப்பெட்டைகளை விரட்டாதீர்கள்.

தேர்வை இப்படிச் செய்யுங்கள். பெயிண்ட் கடையில் இலவசமாகக் கிடைக்கும் பழுப்பு நிற அட்டைகளில் ஒன்பதை வெட்டி, வெளிர்ந்ததிலிருந்து கறுத்ததுவரை ஒட்டி 1 முதல் 9 எண்ணிடுங்கள். எந்தப் பெட்டை இட்டது என்று அறியப் பொறிக்கூடு வையுங்கள்: கோழி உள்ளே போனதும் கதவு விழுந்துகொள்ளும், நீங்கள் திறக்கும்வரை வெளியே வராது. தினமும் நோட்டில் மூன்று குறிப்பு போதும்: கோழி எண், நிற எண், எடை. ஒரே ஜன்னலடியில், ஒரே நேரத்தில் பாருங்கள். மூடுபனி நாளில் எல்லா முட்டையும் கறுப்பாகத் தெரியும். இடத் தொடங்கிய இரண்டாம் மாதம் ஒரு வாரச் சராசரி, ஆறாம் மாதம் ஒரு வாரச் சராசரி. இரண்டிலும் தாக்குப்பிடிக்கும் பெட்டைதான் தாய். முதல் மாதம் 8 காட்டி ஆறாம் மாதம் 4-க்கு இறங்குவதைவிட, 7-இல் தொடங்கி 6-இல் நிற்பது மேல்.

அடை வைக்க 58 முதல் 68 கிராம் எடையில், வடிவாக, ஓடு வழவழப்பாக இருப்பதை எடுங்கள். ஓட்டில் கட்டி தட்டி, அப்பியது போன்ற அதிகறுப்பு முட்டை காட்சிக்கு நன்றாக இருக்கும். அடைக்கு அதை மட்டுமே நம்பாதீர்கள். முட்டையைக் கழுவவே கூடாது. கழுவினால் நிறம் போவதோடு, ஓட்டின் இயற்கைக் காப்பும் போய் நுண்துளை வழியே கிருமி உள்ளே இறங்கும். நம் மழையில் சேறு ஒட்டாமலிருக்க, கூட்டில் காய்ந்த மரச்சீவலைக் கனமாகப் போட்டு, நாளுக்கு இரண்டு முறை எடுங்கள்.

முட்டையைச் சேர்த்துவைப்பதில் மலைக்காரருக்கு ஒரு நற்பேறு. அடைமுட்டைக்கு ஏற்ற வெப்பம் 13 முதல் 18 டிகிரி செல்சியஸ். சமவெளியில் இதற்கு ஏர்கோண்ட் வேண்டும். 28 டிகிரி அறையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிப் பிறகு செத்துவிடும். கோலா தெர்லாவில் வெயில் படாத வடக்கு அறையின் மூலையே போதும். கூர்முனை கீழாக வைத்து, 7 நாளுக்குள் அடைக்கு ஏற்றிவிடுங்கள்.

திடீரென்று நிறம் வெளுத்தால்

மெல்ல வெளுப்பது இயற்கை. ஒரே வாரத்தில் மந்தை முழுதும் வெளுத்தால் காரணம் தேடுங்கள்.

மிரட்சி: நாய், மரநாய், மூட்டை இறக்கும் லாரி எதுவானாலும் சரி. பயந்த கோழி முட்டையை உள்ளே பிடித்து வைத்தாலோ முன்கூட்டியே தள்ளிவிட்டாலோ பூச்சு கெடும்.

தீவனம்: இறைச்சிக் கோழித் தீவனம் சிலவற்றில் இரத்தக் கழிச்சலைத் தடுக்க நிக்கார்பசின் என்ற மருந்து கலந்திருக்கும். அது பழுப்பு முட்டையை ஓரிரு நாளில் வெளுக்கவைக்கும், பொரிப்பையும் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டைக்குப் போடாதீர்கள். பை அட்டையைப் படியுங்கள்.

நோய்: தொற்று மூச்சுக்குழல் அழற்சி வந்தால் நிறம் போவதோடு ஓடு சுருங்கி நெளியும், வெள்ளைக்கரு நீர்த்துவிடும். வெள்ளைக் கழிச்சலும் அப்படித்தான் கைவைக்கும். கால்நடை சேவைத் துறை அலுவலகத்தை அணுகுங்கள்.

இன்னொன்று உள்ளூர் விவகாரம். காய்கறிக் கொட்டகையில் கழித்துப் போடும் கோசு இலையும் சாலாட் இலையும் கோழிக்கு விருந்து. ஆனால் எப்போது மருந்தடித்தது என்று தெரியாத இலையைப் போடாதீர்கள். தெரிந்த தோட்டத்தில், மருந்தடித்து விட வேண்டிய நாள் கடந்த இலையை மட்டும் வாங்குங்கள்.

இன்குபேட்டரும் மலைக்காற்றும்

வெப்பம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். விசிறி உள்ள இன்குபேட்டருக்கு 37.5 டிகிரி, விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 ஒட்டி. ஈரப்பதத்தில்தான் மலை தனி வழி போகிறது. அடை காலத்தில் முட்டை தன் எடையில் 11 முதல் 14 விழுக்காடு வரை நீரை இழக்க வேண்டும். குறைவாக இழந்தால் காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுவிட இடமின்றி ஓட்டுக்குள்ளேயே மூழ்கிச் சாகும். கூடுதலாக இழந்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும்.

கரும்பழுப்பு முட்டையின் கனத்த பூச்சு நுண்துளைகளை மறைப்பதால் நீர் மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் மாரான் வளர்ப்பவர்கள் ஈரப்பதத்தைக் குறைத்தே வைக்கிறார்கள். ஈப்போ நண்பர் ‘தண்ணீரே ஊற்றாதே’ என்று சொல்வார். அவர் ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு ஏன் அப்படியே பொருந்தாது என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

ஈப்போவில் 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று இன்குபேட்டருக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 47 விழுக்காட்டுக்கு இறங்கும். நம் ஊரில் 18 டிகிரி, 90 விழுக்காடு உள்ள காற்று அதே சூட்டுக்கு ஏறினால் 29 விழுக்காடுதான் மிஞ்சும். வெளியே மூடுபனி சொட்டும். பெட்டிக்குள் காற்று வறண்டு கிடக்கும். குளிர்ந்த காற்று நனைந்திருந்தாலும் அதில் நீராவி குறைவு என்பதே காரணம். போதாக்குறைக்கு, 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 13 விழுக்காடு அளவுக்குக் குறைவு. அங்கே ஓட்டின் துளை வழியே நீராவி ஏறக்குறைய 15 விழுக்காடு வேகமாக வெளியேறும்.

ஆக, கனத்த பூச்சு நீரைப் பிடித்து வைக்கிறது, மலை அதை உறிஞ்சுகிறது. இரண்டும் எந்த அளவில் ஈடுகட்டும் என்பது உங்கள் மந்தையின் ஓட்டைப் பொறுத்தது. 40 விழுக்காடு ஈரப்பதத்தில் தொடங்குங்கள். அதற்குச் சின்ன மூடி அளவு தண்ணீர் வேண்டியிருக்கும். பிறகு தராசு சொல்வதைக் கேளுங்கள். உயரத்தில் பிராணவாயுவும் குறைவு என்பதால் காற்றுத் துளையை மூடி ஈரப்பதத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள். நீர்ப்பரப்பை அகலமாக்கிக் கூட்டுங்கள்.

ஈரமானி பொய் சொல்லக்கூடும். ஒரு மூடியில் உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

தராசுக் கணக்கு

தட்டில் 20 முட்டை, மொத்தம் 1,240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 நாளில் 13 விழுக்காடு இழக்க வேண்டுமென்றால் நாளுக்கு 9 கிராம். குறிவைக்க வேண்டிய எடை இது:

வைக்கும் நாள்: 1,240 கிராம்
7-ஆம் நாள்: 1,177 கிராம்
14-ஆம் நாள்: 1,115 கிராம்
18-ஆம் நாள்: 1,079 கிராம்

7-ஆம் நாள் எடை 1,190 என்றால் முட்டை நீரை விடவில்லை. தண்ணீர் மூடியை எடுத்துவிடுங்கள். 1,165 என்றால் வறண்டுவிட்டது. இன்னொரு மூடி வையுங்கள். இடையில் முட்டையை எடுத்துவிட்டால் அதன் தொடக்க எடையைக் கணக்கிலிருந்து கழியுங்கள். இதற்காகவே வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் எண்ணும் எடையும் எழுதி வைப்பது. மை பேனா வேண்டாம். ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசே தட்டு எடைக்குப் போதும். இரண்டு அடை முடிந்தபின் உங்கள் கோழியின் ஓட்டுக்கு எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்பது உங்களுக்கே அத்துபடியாகிவிடும்.

முட்டையை நாளுக்கு மூன்றோ ஐந்தோ முறை திருப்புங்கள். ஒற்றைப்படை என்றால் அடுத்தடுத்த இரவுகளில் ஒரே பக்கமாகக் கிடக்காது. 18-ஆம் நாளோடு நிறுத்திவிடுங்கள். இடிமழையில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் கம்பளியால் மூடுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகலாம். ஆனால் காற்றுத் துளையை மூடிவிடாதீர்கள்.

விளக்கடித்துப் பார்ப்பது

வெள்ளை முட்டையில் 5-ஆம் நாளே சிலந்தி வலைபோல நரம்பு தெரியும். கரும்பழுப்பில் தெரியாது. 10-ஆம் நாள்வரை பொறுங்கள். இருட்டறையில் நல்ல எல்இடி டார்ச்சை அகன்ற முனையில் ஒட்டிப் பிடித்து, விரல்களால் ஒளி கசியாமல் மூடிக்கொள்ளுங்கள். உள்ளே கருமை திரண்டு காற்றறையின் கோடு கூர்மையாகத் தெரிந்தால் கரு வளர்கிறது. முழுதும் ஒரே மாதிரி மங்கலாக ஒளிர்ந்தால் கரு இல்லை. ஐயமிருந்தால் எடுக்காதீர்கள், 14-ஆம் நாள் மறுபடி பாருங்கள். நாற்றம் அடித்தாலோ ஓட்டில் கசிவு தெரிந்தாலோ அது கூமுட்டை, உடனே அப்புறப்படுத்துங்கள். பெட்டிக்குள் வெடித்தால் மொத்த அடையும் பாழ்.

அடைக்கோழி வழி

இன்குபேட்டர் இல்லாதவருக்குக் கம்பத்துக் கோழியே போதும். அடைக்கு உட்கார்ந்து கொக்கரித்து இறகைச் சிலிர்க்கும் கோழியை, முதல் இரண்டு நாள் பொய் முட்டையில் சோதித்து, இரவில் உண்மை முட்டையை மாற்றி வையுங்கள். மாரான் முட்டை பெரிது. நம் ஊர்க் கோழியின் உடலுக்கு எட்டு முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். தரையோடு வைக்காமல் பலகைமேல் கூடை வைத்து, மரநாயும் எலியும் நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். அடைக்கு முன் பேன் மருந்து தூவுவது கட்டாயம்.

பொரிக்கும் நாட்கள்

18-ஆம் நாள் ஈரப்பதத்தை 65 முதல் 70-க்கு ஏற்றிப் பெட்டியை மூடிவிடுங்கள். குளிர்ந்த காற்று உள்ளே பாய்வதால் மலையில் இதற்கு வெந்நீர் நனைத்த ஸ்பாஞ்சும் தேவைப்படும். 20-ஆம் நாள் துளை விழும், 21-ஆம் நாள் வெளியே வரும். துளை விழுந்து ஒரு நாள்வரை ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். குஞ்சு அப்போதுதான் மஞ்சள் கருவை உள்ளிழுக்கிறது. பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். பெட்டியை அடிக்கடி திறப்பதும் அதே கேடு.

பொரிக்காமல் நின்ற முட்டைகளை உடைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். காற்றறை சிறுத்து, குஞ்சு நீர்கோத்து இருந்தால் ஈரம் மிகை. சவ்வு தோல்போலக் காய்ந்திருந்தால் வறட்சி. முதல் வாரத்திலேயே நின்றிருந்தால் வைப்பறையிலோ சேவலிலோ கோளாறு. அடுத்த அடைக்கான பாடம் இந்த முட்டைகளில்தான் கிடைக்கும்.

குஞ்சும் குளிரும்

முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து வாருங்கள். சமவெளியில் மூன்று வாரத்தில் விளக்கை எடுத்துவிடுவார்கள். இங்கே இரவு 16 டிகிரிக்கு இறங்குவதால் ஐந்து, ஆறு வாரம், அதாவது இறகு முழுதாக மூடும்வரை, இரவு விளக்கு எரியட்டும். விளக்கடியில் குவிந்தால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு. விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். இல்லையென்றால் சீவலில் விழுந்து தீப்பிடிக்கும்.

ஈரச் சீவல்தான் இரத்தக் கழிச்சலின் தாய்வீடு. தினம் கிளறுங்கள், நனைந்ததை அள்ளுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தை முதல் வாரத்திலும், பிறகு கால்நடைத் துறை சொல்லும் நாட்களிலும் போடுங்கள். மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சு இறங்கும்படி டிசம்பரில் அடை வைத்தால் பாதிப் பாடு குறையும். அள்ளிய எருவைப் பச்சையாகக் காய்கறிப் பாத்தியில் கொட்டினால் ஈ மொய்த்து அக்கம்பக்கத்தாரோடு சண்டைதான் வளரும். மூடி மக்கவைத்துப் போடுங்கள்.

வைப்பதும் கழிப்பதும்

விடைக்கோழிகள் ஆறு, ஏழு மாதத்தில் இடத் தொடங்கும். முதல் முட்டையைப் பார்த்துப் பரவசப்பட்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாம் மாதக் கணக்கில் கீழ்ப்பாதியை முட்டைக்கோழியாக விற்றுவிடலாம். ஆறாம் மாதக் கணக்கில் தேறியவற்றில் குடும்பத்துக்கு நான்கைந்தை மட்டும் தாயாக வையுங்கள். சேவல்களில் எதன் மகள்கள் சராசரி அதிகம் என்று நோட்டில் கூட்டிப் பார்த்து, அந்தச் சேவலை இன்னொரு ஆண்டு நிறுத்துங்கள்.

நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுக்கு நூறு முட்டைகூட இடாத கோழியிடம் போய் முடியும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் நோட்டில் மூன்று எண்ணை அருகருகே எழுதுங்கள்: நிறச் சராசரி, பெட்டைக்கு ஆண்டு முட்டை, நூற்றுக்கு எத்தனை பொரித்தது. நிறம் அரை எண் ஏறி மற்ற இரண்டும் இறங்காமலிருந்தால் அது நல்ல ஆண்டு. பொரிப்பு இறங்கினால் அடுத்த ஆண்டு நிறத்தைப் பற்றி நினைக்காமல், சேவல் சுழற்சியைச் சரிபார்த்து, நன்றாகப் பொரிக்கும் குடும்பத்திலிருந்து தாய்களைக் கூட்டுங்கள்.